மின்சாரம் இருக்கிறது, மின்னழுத்தம் இருக்கிறதா?

கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டி மேலேறும் சாலையில் வெள்ளிமலைக்குச் செல்பவர்கள், ஊர்களைப் பார்ப்பதற்கு முன்பே மின்கம்பிகளைப் பார்த்துவிடுவார்கள். மரக்கிளைகளுக்கு இடையே நுழைந்து, பாறைச் சரிவுகளைத் தாண்டி, இருபது முப்பது வீடுகள் மட்டுமே உள்ள குக்கிராமங்களைத் தேடிச் செல்லும் கம்பிகள் அவை. சில மாதங்களுக்கு முன்பு அந்த வழியில் சென்றபோது, மலைமேல் ஒரு சிறிய மளிகைக் கடையில் தேநீருக்காக நின்றேன். மாலை ஆறரை மணி. கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால், குளிர்பானங்கள் அடுக்கியிருந்த குளிர்பதனப் பெட்டியின் பிளக்கைக் கடைக்கார அம்மா பிடுங்கிவைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “கரண்ட் இருக்குதுங்க சார், வோல்டேஜ்தான் இல்ல. இப்பப் போட்டா கம்ப்ரசர் போயிடும். எல்லாரும் தூங்கினப்புறம் பத்து மணிக்கு மேல போட்டுக்குவேன்” என்றார்.

மின்பொறியியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். நாள் முழுவதும் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கருவி எதுவும் இல்லாமலேயே அவர் அளந்துவைத்திருந்தார். மின்வாரியத்தின் எந்தப் பதிவேட்டிலும் அந்தக் கணக்கு இருக்க வாய்ப்பில்லை. அதன்படி பார்த்தால், அன்று மாலை அந்த ஊரில் மின்தடை எதுவும் இல்லை. விளக்கு எரிந்தது அல்லவா?

இணைப்புக் கணக்கும் தரக் கணக்கும்

கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசென்றதில் தமிழகம் முன்னோடி மாநிலம். 1957இல் மின்வாரியம் உருவான பிறகு, கிணற்றுப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்த வேகம் இந்த மாநிலத்தின் வேளாண்மையையே மாற்றியமைத்தது. நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் சென்றுவிட்டதாக மத்திய அரசு 2018 ஏப்ரல் 28இல் அறிவித்தது. ஒரு கிராமத்தில் 10 சதவீத வீடுகளுக்கும் பொதுக் கட்டிடங்களுக்கும் மின்சாரம் கிடைத்தாலே அது ‘மின்மயமான கிராமம்’ என்னும் வரையறையின்படி அமைந்த கணக்கு அது. அதன் பிறகு வீடுகளின் எண்ணிக்கை கணக்கிடப்பட்டது. இரண்டிலுமே எண்ணப்பட்டவை இணைப்புகள்தான். அந்த இணைப்பின் வழியே வருவது பயன்படுத்தத் தக்க மின்சாரமா என்பது இன்னமும் கணக்கில் வரவில்லை.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சியில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். சமவெளியில் கரும்பு, நெல், மரவள்ளி, மக்காச்சோளம் என்று விளையும் நிலங்கள். அவற்றை நம்பி மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். எங்கு நோக்கினும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள். மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடியினரின் சிதறிய குடியிருப்புகள். சமவெளியில் சிக்கல், ஒரே கம்பியில் அளவுக்கு மீறிய மோட்டார்கள். மலையிலோ, மிகக் குறைந்த பயன்பாட்டுக்காக மிக நீண்ட தூரம் செல்லும் கம்பிகள். இரண்டு இடங்களிலும் மக்கள் சொல்வது ஒரே சொல்தான்: ‘லோ வோல்டேஜ்’.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத் துயரத்தைத் தொடர்ந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, போக்குவரத்து ஆகியவை பற்றிய பேச்சு அதன் வழியாகப் பொதுவெளிக்கு வந்தது. இந்த அடிப்படை வசதிகளில் பலவும் மின்சாரத்தைச் சார்ந்தவை. எனவே, அதன் தரத்தையும் நாம் பேசியாக வேண்டும்.

ஆறு சதவீத எல்லை

வீட்டு இணைப்புக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். தாழ்வழுத்த இணைப்புகளில் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது இந்திய மின்சார விதிகள், 1956 காலத்திலிருந்து வரும் நெறி. 230 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டால், ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. இந்த எல்லை காகிதத்துக்காக வகுக்கப்பட்டதல்ல. 180 வோல்ட் மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் தொடக்க விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது 61 சதவீதமாகச் சுருங்கிவிடும். மோட்டார் முனகும், சுழலாது. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரோ, அதே வேலையைச் செய்வதற்குக் கால் பங்குக்கும் மேல் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் கம்பிச்சுருளில் உண்டாகும் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். காயில் எரிவது இப்படித்தான். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் கடைத்தெருக்களில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்கு வேலை குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழகத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால், எரிந்த மோட்டாரைக் குழாய்க் கிணற்றிலிருந்து மேலே ஏற்றும் கூலி, காயில் கட்டும் செலவு, அந்த நாட்களில் வாடும் பயிர் ஆகியவை விவசாயியின் கணக்கில்தான் சேர்கின்றன. தரமற்ற மின்சாரத்துக்கு அவர் செலுத்தும் மறைமுகக் கட்டணம் இது. இதற்கு ரசீது கிடையாது.

ஒரே புகார், நான்கு நோய்கள்

‘லோ வோல்டேஜ்’ என்பது காய்ச்சலைப் போன்றது. அது நோயல்ல; நோயின் அறிகுறி. காய்ச்சல் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கேட்டு மருத்துவர் நோயை ஊகிப்பதுபோல, மின்னழுத்தம் மாறும் விதத்தைக் கவனித்தால் பழுது எங்கே, எத்தகையது என்பதைப் பெருமளவு சொல்லிவிட முடியும்.

முதலாவது, ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குச் சரியத் தொடங்கி, இரவு பத்து மணிக்குப் பிறகு தானாகவே நிமிரும் மின்னழுத்தம். கடைக்கார அம்மா கண்டறிந்தது இதைத்தான். இது பழுதல்ல, தாங்கும் திறனுக்கு மேல் சுமை. மின்மாற்றியின் அருகிலும் கடைசி வீட்டிலும் ஒரே நேரத்தில் அளந்தால் காரணம் பிடிபட்டுவிடும். மின்மாற்றியில் அளவு சரியாக இருந்து, கடைசி வீட்டில் மட்டும் குறைந்தால், குற்றவாளி இடையில் ஓடும் நீண்ட தாழ்வழுத்தக் கம்பி. இரண்டு இடங்களிலும் குறைந்தால், சிக்கல் மின்மாற்றியிலோ அதற்கும் மேலே உள்ள 11 கிலோவோல்ட் பாதையிலோ இருக்கிறது. முன்னதற்குத் தீர்வு, மின்மாற்றியை வீடுகளுக்கு அருகே கொண்டுவருவது. பின்னதில் அதைச் செய்தால் செலவு மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, ஒரு வீட்டில் விளக்கு மங்கும் அதே நொடியில் பக்கத்து வீட்டில் பல்பு கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துடன் எரிந்து வெடிப்பது. இது நியூட்ரல் கம்பி தளர்ந்ததன் அல்லது அறுந்ததன் அடையாளம். மூன்று பேஸ்களுக்கும் பொதுவான அந்தக் கம்பி நிலையிழந்தால், சுமை குறைந்த பேஸில் மின்னழுத்தம் 230இலிருந்து 400 வோல்ட்டை நோக்கி ஏறக்கூடும். தொலைக்காட்சிப் பெட்டியும் மின்விசிறியும் தெரு முழுக்க ஒரே நாளில் பழுதாகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஆனால், இது திடீரென்று நேர்வதில்லை. இணைப்பு தளரத் தொடங்கும்போதே, ஒரு பேஸ் ஏற இன்னொன்று இறங்கும் ஊசலாட்டம் பல நாட்களுக்கு முன்பே தலைகாட்டிவிடும். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

மூன்றாவது, காற்றடிக்கும் நேரங்களில் அரை நொடி, ஒரு நொடி மின்னழுத்தம் சரிந்து மீள்வது. கம்பியில் மரக்கிளை உரசுகிறது அல்லது பழுதடைந்த இன்சுலேட்டர் ஒன்று மழையில் கசிகிறது என்று பொருள். விளக்கு ஒருமுறை சிமிட்டியதோடு மறந்துவிடும் இந்தச் சரிவுகள், வரப்போகும் பெரிய மின்தடையின் முன்னறிவிப்புகள்.

நான்காவது வகை மிகவும் முக்கியமானது. மின்மாற்றிக்கு மேலே 11 கிலோவோல்ட் பாதையில் உள்ள மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்துபோனால் என்ன ஆகும்? வழக்கமான விநியோக மின்மாற்றியின் அமைப்பின்படி, கீழே வரும் மூன்று பேஸ்களில் ஒன்று ஏறத்தாழச் சரியாகவே இருக்கும்; மற்ற இரண்டும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதாவது, மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் விளக்கு மங்கலாக எரியும். எவரும் ‘கரண்ட் இல்லை’ என்று புகார் செய்யமாட்டார்கள்; ‘வோல்டேஜ் கம்மி’ என்பார்கள். அதற்குள் அறுந்த கம்பி எங்கோ ஒரு வயலிலோ காட்டுப் பாதையிலோ மின்சாரத்துடன் கிடக்கக்கூடும்.

அறுந்த கம்பியும் பாறை நிலமும்

கம்பி அறுந்து தரையில் விழுந்தால், துணை மின்நிலையத்தில் உள்ள பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் தானாகத் துண்டித்துவிடும் என்று நாம் நம்புகிறோம். ஈர மண்ணில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால், கல்வராயன் மலை போன்ற பாறையும் சரளையும் நிறைந்த வறண்ட நிலம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. விழுந்த கம்பியிலிருந்து தரைக்குள் பாயும் மின்னோட்டம் ஒரு சாதாரண மோட்டார் இழுக்கும் அளவைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். மின்னோட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் கருவிக்கு அது பழுதாகவே தெரியாது. மின்பொறியியலாளர்கள் உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் சிக்கல் இது. அறுந்த மின்கம்பியை மிதித்து மனிதர்களும் கால்நடைகளும் இறக்கும் செய்திகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருவதன் பின்னணியில் இந்த அறிவியல் உண்மை இருக்கிறது.

துணை மின்நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியாத இந்தப் பழுது, மறுமுனையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பதே நான் சொல்ல விரும்புவது. ஒரு 11 கிலோவோல்ட் பாதையில் பத்து மின்மாற்றிகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் ஆறில் மின்னழுத்தம் இயல்பாகவும், ஏழாவதிலிருந்து இரண்டு பேஸ்கள் பாதியாகவும் இருந்தால், கம்பி அறுந்திருப்பது ஆறாவதற்கும் ஏழாவதற்கும் இடையில். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த தொழில்நுட்பம் தேவையில்லை. பத்து இடங்களில் பத்து அளவுகள் போதும். இன்று அந்த இடைவெளியைத் தேடி, மழையில், இருட்டில், காட்டுக்குள் டார்ச் விளக்குடன் நடப்பவர் கம்பியாளர். எங்கே போய்ப் பார்ப்பது என்று முன்கூட்டியே தெரிந்தால், காப்பாற்றப்படும் உயிர்களில் அவருடையதும் ஒன்று.

ஏற்கெனவே செய்து காட்டப்பட்டது

மின்னழுத்தத்தை நுகர்வோரின் முனையில் தொடர்ந்து அளந்து பொதுவெளியில் வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை அல்ல. புணேயைச் சேர்ந்த ‘பிரயாஸ்’ எரிசக்திக் குழு 2007இல் சிறிய அளவில் தொடங்கிய மின்விநியோகக் கண்காணிப்பு முயற்சி, 2014 முதல் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களுக்கு விரிந்தது. வீடு, பண்ணை, கடை, சிறு தொழிற்கூடம் ஆகியவற்றின் சாதாரண பிளக்கில் செருகப்பட்ட ஒரு சிறு கருவி, நிமிடத்துக்கு ஒருமுறை மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, கைப்பேசி வலையமைப்பு வழியே அனுப்பியது. அந்த விவரங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்பட்டன. மின்தடை எவ்வளவு நேரம் என்பதோடு, மின்சாரம் இருந்த நேரத்தில் அது எந்த அளவில் இருந்தது என்பதையும் நாட்டின் பல மூலைகளுக்கு எண்களில் காட்டிய முயற்சி அது. பெருநகரத்துக்கும் குக்கிராமத்துக்கும் இடையிலான மின்சார ஏற்றத்தாழ்வை நிமிடக் கணக்கில் காட்ட ஒரு தன்னார்வ அமைப்பால் முடிந்தது என்றால், மாநிலம் முழுவதும் கட்டமைப்பு வைத்திருக்கும் பொதுத் துறை நிறுவனத்தால் ஏன் முடியாது?

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விநியோகப் பாதைகளின் மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் நுண்ணிய அசைவுகளை நுட்பமாகப் பதிவுசெய்து, தளர்ந்த இணைப்பையும் உரசும் மரக்கிளையையும் மின்தடை ஏற்படும் முன்பே கண்டறியும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் லஹைனா நகரம் தீக்கிரையாகி நூறு பேருக்கு மேல் இறந்தபோது, வீடுகளின் தீப்பாதுகாப்புக்காக பிளக்குகளில் செருகப்பட்டிருந்த உணரிகள், தீ பரவுவதற்கு முந்தைய மணி நேரங்களில் மின்வலையில் அடுத்தடுத்து நிகழ்ந்த பழுதுகளை மின்னழுத்தச் சரிவுகளாகப் பதிவுசெய்திருந்தது பின்னர் தெரியவந்தது. எச்சரிக்கை எண்களில் இருந்தது. அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் ஏற்பாடுதான் இல்லை. கோடையில் காய்ந்த புல்லும் சருகும் நிறைந்த நம் மலைகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

மின்னழுத்தம் குறைவது மட்டுமல்ல, கூடுவதும் ஆபத்தே. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருளில் மூழ்கின. மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்து, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மைத் துண்டித்துக்கொண்டதே அதன் மையக் காரணம் என்று விசாரணைகள் கூறின. அது உயரழுத்த வலையமைப்பின் கதை என்றாலும், நம் தெருவுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. மத்திய அரசின் கூரைச் சூரிய மின்திட்டம் 2024இல் தொடங்கப்பட்ட பிறகு, வீட்டுக் கூரைகளிலும் விவசாயப் பம்புகளிலும் சூரியத் தகடுகள் பெருகிவருகின்றன. பகல் பன்னிரண்டு மணிக்குப் பயன்பாடு குறைந்து உற்பத்தி கூடினால், கம்பியின் கடைக்கோடியில் மின்னழுத்தம் எல்லை தாண்டி ஏறும். மாலையில் தாழ்வு, நண்பகலில் உயர்வு என்னும் இரட்டைச் சிக்கலை அளக்காமல் ஆளமுடியாது.

விதி இருக்கிறது, சான்று இல்லை

சட்ட அளவில் நுகர்வோர் அநாதையாக இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் வெளியிட்ட விநியோகச் செயல்திறன் தர ஒழுங்குமுறைகள், மின்னழுத்தப் புகார்களைத் தீர்க்கக் கெடுவும், தவறினால் இழப்பீடும் நிர்ணயித்துள்ளன. மத்திய அரசின் மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகள், 2020 ஒருபடி மேலே சென்று, தொலைவிலிருந்து கண்காணிக்கக்கூடிய குறைபாடுகளுக்கு, நுகர்வோர் கேட்காமலேயே இழப்பீடு வரவுவைக்கப்பட வேண்டும் என்கின்றன.

நடைமுறையில் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், மாலை நேரத்தில் மோட்டார் ஓடவில்லை என்று தம் பகுதி மின் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஊழியர் வந்து அளந்தார். மின்னழுத்தம் சரியாக இருந்தது. புகார் தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கப்பட்டது. ஊழியர் பொய் சொல்லவில்லை. விவசாயியும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு நேரத்து உண்மையைச் சொன்னார்கள். தொடர்ச்சியான பதிவு இல்லாத இடத்தில், சான்று தரும் சுமை நுகர்வோரின் தலைமேல் விழுகிறது. அவரிடமோ சான்று தயாரிக்கும் கருவி இல்லை.

நிர்வாகம் வெளியிடும் நம்பகத்தன்மைக் குறியீடுகளும் இதற்கு உதவா. மின்தடை எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்பதை அவை பெரும்பாலும் 11 கிலோவோல்ட் பாதையின் தொடக்கத்தில், துணை மின்நிலையத்தில் நின்று எண்ணுகின்றன. கடைசி மின்மாற்றியில் ஒரு பியூஸ் போய் ஒரு குக்கிராமம் இரண்டு நாள் இருளில் கிடந்தாலும், அந்தப் பாதை ‘இயங்குகிறது’ என்றே கணக்கில் வரும்.

ஆரம்பச் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் பனிப்படலக் குளிர்பெட்டிகள், 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே குளிரைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆனால், மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், அதனுடன் உள்ள ஸ்டெபிலைசர் இணைப்பைத் துண்டித்துவிடும். மின்சாரம் இருந்ததாகப் பதிவேடு சொல்லும் மணி நேரங்களில் பெட்டி வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். மலைக் கிராமக் குழந்தைக்குப் போடப்படும் ஊசியின் வீரியம் வரை நீள்கிறது இந்த வோல்ட் கணக்கு.

மீட்டர் யாருக்காக?

2021இல் தொடங்கப்பட்ட விநியோகத் துறைச் சீரமைப்புத் திட்டத்தின் மொத்த மதிப்பீடு 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது அதன் முக்கிய இலக்கு. அது பற்றிய விவாதம் முழுவதும் முன்பணம், கட்டணம், ஒப்பந்தம் ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அந்தக் கவலைகள் நியாயமானவை. ஆனால், அதே மீட்டர் மின்னழுத்தத்தையும் பதிவுசெய்யக்கூடியது என்பது பேசப்படுவதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குறிப்பிட்ட கால இடைவெளிகளில் சராசரி மின்னழுத்தத்தைச் சேமிக்கவும், எல்லை மீறல்களை நிகழ்வுகளாகக் குறித்துக்கொள்ளவும் அதனால் முடியும். நுகர்வோர் எவ்வளவு பயன்படுத்தினார் என்பதை அளக்கும் கருவி, நிறுவனம் எத்தகைய மின்சாரத்தைத் தந்தது என்பதையும் அளக்கிறது. முதல் கணக்கு மாதந்தோறும் ரசீதாக வரும். இரண்டாவது கணக்கும் வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

இங்கே அந்தரங்கம் பற்றிய கேள்வி எழும். ஒரு வீடு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்பது அந்த வீட்டின் அந்தரங்கம். அதை வெளியிடக் கூடாது. ஒரு மின்மாற்றியின்கீழ் மின்னழுத்தம் எவ்வளவு என்பது தெருவில் குடிநீர் எந்த அழுத்தத்தில் வருகிறது என்பதைப் போன்றது. அது பொதுத் தகவல்.

எதிர்வாதங்களும் விடைகளும்

‘அளந்துவிட்டால் மட்டும் கம்பி தடித்துவிடுமா, மின்மாற்றி முளைத்துவிடுமா?’ என்று கேட்கலாம். முளைக்காது. நிதி நெருக்கடியில் இருக்கும் விநியோக நிறுவனத்தால் எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் மாற்றியமைக்கவும் முடியாது. அதனால்தான் அளவீடு தேவை. எந்த மின்மாற்றியை முதலில் மாற்றுவது என்பதை இன்று தீர்மானிப்பவை பெரும்பாலும் புகாரின் உரத்த குரலும் பரிந்துரையின் பலமும்தான். மலைக் கிராமங்களுக்கு இரண்டுமே குறைவு. எண்கள் வந்தால் வரிசை மாறும். 11 கிலோவோல்ட் கம்பியை வீடுகளுக்கு அருகே வரை கொண்டுசென்று, அங்கே சிறு மின்மாற்றிகளை வைக்கும் முறையில், அதே திறனைக் கடத்தத் தேவைப்படும் மின்னோட்டம் 25இல் ஒரு பங்காகக் குறைகிறது; அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் இழப்போ 600இல் ஒரு பங்குக்கும் கீழே சென்றுவிடுகிறது. எங்கே இதைச் செய்தால் செலவு விரைவில் திரும்பும் என்பதை மின்னழுத்தப் பதிவே காட்டும்.

‘மலையில் கைப்பேசி சிக்னலே இல்லை, கருவி எப்படித் தகவல் அனுப்பும்?’ என்பது அடுத்த கேள்வி. அறுந்த கம்பியைப் போன்ற அவசரங்களுக்கு உடனடித் தொடர்பு வேண்டும்; சிக்னல் கிடைக்கும் மின்மாற்றிகளில் அதைத் தொடங்கலாம். மற்றவற்றுக்கு, ஒரு மாதப் பதிவைத் தன்னுள் சேமித்துவைத்து, கணக்கெடுக்க வரும் ஊழியரின் கருவிக்கு மாற்றிவிடும் அமைப்பு போதும். நாள்பட்ட நோயைக் கண்டறிய ஒரு மாதத் தாமதம் பெரிதல்ல.

வனத் துறையின் அனுமதி என்பது மூன்றாவது தடை. வன உரிமைச் சட்டம், 2006, கிராம சபையின் பரிந்துரையுடன், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டப்படும் நிலையில், மின்கம்பிகள் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு இடமளிக்கிறது. எங்கே புதிய கம்பி தவிர்க்க முடியாதது, எங்கே கிளைகளைக் கழித்தாலே போதும் என்பதைச் சான்றுடன் காட்டினால், காட்டுக்கும் ஊருக்கும் இடையிலான பேச்சு எளிதாகும்.

ஊழியர் பற்றாக்குறையையும் சொல்லியாக வேண்டும். களப்பணியிடங்கள் காலியாக இருப்பது பற்றித் தொழிற்சங்கங்கள் நீண்ட காலமாகக் குரல் கொடுத்துவருகின்றன. அளவீட்டுக் கருவி கம்பியாளருக்கு மாற்று அல்ல. அது அவரை வீண் அலைச்சலிலிருந்து காப்பாற்றும். கம்பத்தில் ஏற ஆள் வேண்டும் என்ற நிலை மாறப்போவதில்லை. தாமதமாக வந்த ஊழியர்மீது பழிசுமத்தும் ஆயுதமாக இந்த எண்கள் பயன்படுத்தப்பட்டால், முதலில் கெட்டுப்போவது எண்களின் நேர்மைதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

மாநிலம் முழுவதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே முன்மாதிரியாகக் கொள்ளலாம். சமவெளியும் மலையும், பாசனச் சுமையும் நீண்ட பாதையும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பது ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு 11 கிலோவோல்ட் பாதையிலும் தொடக்கம், நடு, கடைசி என மூன்று மின்மாற்றிகளில் மூன்று பேஸ்களையும் பதிவுசெய்யும் கருவிகளைப் பொருத்தலாம். ஆரம்பச் சுகாதார நிலையங்கள், உண்டு உறைவிடப் பள்ளிகள், குடிநீர்த் தொட்டி மோட்டார்கள் ஆகிய இடங்களில் தலா ஒன்று. பதிவுகளை மாதம் ஒருமுறை இணையத்தில் வெளியிட்டு, கிராம சபையில் வாசிக்கலாம். எல்லை மீறிய நேரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், புகாருக்குக் காத்திராமல் இழப்பீட்டுக் கணக்கு தொடங்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கலாம். மாவட்டத்தில் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பதிவுகளை ஆய்வுப் பாடமாகக் கொடுக்கலாம். தங்கள் ஊர்க் கம்பியின் நோயைத் தாங்களே கண்டறிவதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி இருக்க முடியாது.

2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை வெள்ளத்தில் தள்ளியது. அத்தகைய நாட்களில் எந்த ஊருக்கு மின்சாரம் திரும்பிவிட்டது, எந்த ஊருக்குத் திரும்பியதாகக் கணக்கில் மட்டும் உள்ளது என்பதைத் தொலைபேசி விசாரிப்புகளால் அறிய முயல்கிறோம். அடுத்த புயலுக்குள் இந்த நிலை மாற வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும்போது அந்தக் கடைக்கார அம்மாவிடம், இதை எப்போதாவது புகாராகச் சொன்னதுண்டா என்று கேட்டேன். “என்னன்னு சார் சொல்றது? விளக்கு எரியுதுல்ல” என்றார். அவருடைய மாலை நேர அனுபவத்தை எண்களாக மாற்றி, பொறுப்பில் இருப்பவரின் மேசையில் வைப்பது ஒரு சிறிய கருவியால் ஆகக்கூடிய வேலை. அதைப் பொருத்துவதற்கான தொழில்நுட்பமும் சட்டமும் நம்மிடம் இருக்கின்றன. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் தந்த மாநிலம், எல்லா வீடுகளிலும் எத்தனை வோல்ட் என்று சொல்லும் மாநிலமாகவும் ஆக வேண்டும்.